நடக்காமல் போன போர்கள்

எங்கள் நைனாவின் கைப்பேசியை அன்று எடுத்தது நான்தான். பாவு நூல் வாங்க ஆர்.கே.பேட்டைக்குப் போனவர் அதை விசைத்தறி ஓரத்திலேயே மறந்துவிட்டிருந்தார். என் தங்கையின் போன் பழுதாகிக் கிடந்ததால், விண்ணப்பத்துக்கு இந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். டெல்லியிலிருந்து ஒரு பெண் பேசினார். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்வதற்கான நேர்காணல் அடுத்த வாரம் இல்லையாம். வெள்ளிக்கிழமையே சென்னையில் நடக்குமாம். அன்று செவ்வாய். தங்கையிடம் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டு வைத்தேன். சொல்லவில்லை.

நாடுகள் ஏன் போருக்குப் போகின்றன, எப்படிச் சமாதானமாகின்றன என்கிற படிப்பை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். மூன்று வருடம் பின்னால் வந்த தங்கை, நான் பென்சிலால் கோடிட்ட புத்தகங்களைத்தான் படித்தாள். அந்த ஆராய்ச்சிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். எனக்கு அழைப்பு வரவில்லை. படைபலம், எண்ணெய், எல்லைத் தகராறு என்று எல்லோரும் எழுதியதையே எழுதியிருந்தேன். அவளோ ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: “நடந்த சண்டையத்தான்க்கா எல்லாரும் படிச்சிகினு இருக்காங்க. படைய எல்லையில கொண்டாந்து நிறுத்திட்டு, சண்டை போடாமலே திரும்பிப் போனாங்களே, அத யாரு படிக்கிறது?” அந்தக் கேள்வி எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

புதனும் வியாழனும் என் எதிரில் உட்கார்ந்தே குறிப்பெடுத்தாள். “இன்டர்வியூவுக்கு எந்தப் பொடவ கட்டிகினு போறதுக்கா?” என்றாள். நீலம் என்றேன். வெள்ளிக்கிழமை காலை அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோதுதான், “உனக்கு இன்னிக்கே இன்டர்வியூ. போன் வந்துச்சு” என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். “எத்தினி மணிக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ஈரத்தலையோடு ரயில் நிலையத்துக்கு ஓடினாள். கடைசி ஆளாக உள்ளே போனவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் திரும்பி வந்ததும் நானே கேட்டேன்: “போன் எப்ப வந்துச்சுன்னு ஏன் கேக்கல?”

“கேட்டா நீ பொய் சொல்லுவ. அப்புறம் அந்தப் பொய்ய ரெண்டு பேரும் காப்பாத்திகினே இருக்கணும்க்கா.”

அந்தப் பதிலுக்காகவும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.

இப்போது அவள் கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். நான் திருத்தணிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில். எங்காவது இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் தொலைக்காட்சிக்காரர்கள் அவளிடம் கருத்துக் கேட்கிறார்கள். என் மாணவிகள் அந்தக் காணொளியை எனக்கே அனுப்பி, “மிஸ், உங்க தங்கச்சிங்களா?” என்கிறார்கள். ஆங் என்கிறேன்.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவள் எனக்குத்தான் அனுப்புவாள். போன மாதம் வந்த கட்டுரையில், எந்த நாடு முதலில் படையைத் திரும்பப் பெற்றது என்பதை மாற்றி எழுதியிருந்தாள். மொத்த வாதமும் அந்த ஒரு வரியின்மேல் நின்றது. காலையில் படித்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. அப்படியே அச்சாகட்டும், நாலு பேர் சிரிக்கட்டும் என்று தோன்றியது. பேருந்திலும் வகுப்பிலும் அதே நினைப்பு, பாடம் ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“நல்லவேளைக்கா, மானம் போயிருக்கும்” என்றாள்.

பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அன்று வாய் திறக்க எனக்கு மூன்று நாள் ஆனது. இந்த முறை ஒரு பகல்.