ஆடியில் பூட்டிக் கிடந்த வீடு

ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு மாறமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த மனிதரை "கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை" என்று எழுதிக் கூட்டிக்கொண்டுபோனீர்கள். தெரியாமல் நடந்த தப்பு என்று நாளைக்கு யாரிடமும் சொல்லாதீர்கள். என் வீட்டு வாசலில் நின்று, நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "எங்கம்மாவும் ஆடியில ஒரு சட்டிபானையக்கூட எடம் மாத்த உடமாட்டாங்க" என்று சிரித்தது நீங்கள்தான்.

உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. குடியேற்றத் துறையிலிருந்து வந்த அதிகாரி, அவ்வளவு போதும். படிக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு சின்ன செக்கிங் யூனிட் நடத்துகிறேன். தைத்து வரும் பனியன்களில் நூல் பிசிறு வெட்டி, ஓட்டை, கறை பார்த்து, மடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். முன்னால் யூனிட், பின்னால் நான் குடியிருக்கும் வீடு, மாடியில் ஒரு போர்ஷன். அந்த மாடியில் ஆறு வருடம் குடியிருந்தவர்தான் அவர். கானா நாட்டுக்காரர். எங்கள் தெருவில் யார் மண்டையிலும் அது ஏறவில்லை. கறுப்பாக இருந்தால் நைஜீரியாக்காரன், முடிந்தது. முதல் வருடம் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஏற்றுமதிக்குத் தேறாமல் கழித்துப் போட்ட பனியன்களை கம்பெனிகளில் வாங்கி, பேல் பேலாக மூட்டை கட்டி, தன் ஊருக்குக் கப்பலில் அனுப்புவது அவர் தொழில். அவர் வாங்கும் சரக்கையும் நாங்கள்தான் தரம் பிரித்துக் கொடுப்போம். விசா இருந்தது. ஒவ்வொரு தடவையும் கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்க ஓடுவார். நான் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை அவரே நிரப்பி, பேனாவையும் கொண்டுவந்து நீட்டுவார்.

அவரைப் புண்ணியவான் ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்பீக்கரில் ஜெபப் பாட்டுப் போட்டுத் தெருவையே எழுப்புவார். கருவாடு சுட்டால் நான்கு வீடு ஜன்னலைச் சாத்தும். இரண்டுக்கும் நான் மாடிப்படியில் நின்று சண்டை போட்டிருக்கிறேன். நாங்கள் நல்லது என்று ஒதுக்கிய பனியனில் ஊசி ஓட்டை இருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அக்கா, இது பனியனா, ஜன்னலா?" என்பார். என் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு எரியும்.

ஒரு நாள் ராகிக் களி கிளறிக் கொடுத்தேன். உருண்டை பிடித்துக் கீரைக் குழம்பில் முக்கி, மெல்லாமல் விழுங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அக்கா, இது எங்க ஊர் சாப்பாடு."

"உங்க ஊருங்களா? நாங்க பொறந்ததுலருந்து இதத்தான் திங்கிறோம் தம்பி."

"அப்ப நீங்களும் எங்க ஊர்தான்."

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இந்த வருடம் யூனிட்டுக்கு இடம் போதவில்லை. மாடியில் மேசை போட வேண்டியிருந்தது. நான்தான் அவரைக் காலி செய்யச் சொன்னேன். வேறு வீடு பார்த்துக் கொடுத்ததும் நான்தான். இரண்டு தெரு தள்ளி, என் பெரியம்மா மகனுடைய வீடு. ஆனி மாதத்தின் கடைசி நாளில் ஒப்பந்தம் எழுதிச் சாவி வாங்கினார். வெளிநாட்டுக்காரர்கள் வீடு மாறினால் அரசாங்கத்துக்குக் கம்ப்யூட்டரில் தெரிவிக்க வேண்டும். அன்றைக்கே புது முகவரியைப் பதிந்துவிட்டார். மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் படியிலேயே மறித்தேன்.

"இன்னிக்கு ஆடி ஒண்ணுங்க தம்பி. ஆடியில ஊடு மாறக்கூடாது. ஆவணி பொறக்கட்டும். மொத வெள்ளிக்கெழம பால் காச்சிட்டுப் போலாம்."

"கம்ப்யூட்டர்ல புது ஊடு போட்டாச்சே அக்கா."

"போட்டா என்னங்க? ரெண்டு தெரு. ஊர உட்டா ஓடப்போறீங்க?"

"ஆடியில போனா ஆடி என்ன செய்யும்?"

"புது ஊட்ல நிம்மதி இருக்காதுங்க."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "நிம்மதி வேணும் அக்கா" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் திரும்ப மாடிக்குத் தூக்கிப் போனார்.

ஆடி மூன்றாவது வாரம் முகவரியைச் சரிபார்க்க நீங்கள் வந்தீர்கள். முதலில் புது வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டீர்கள். "இங்க யாரும் குடியில்லீங்க" என்றார். உண்மைதான். ஏன் யாரும் குடியில்லை என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அந்த அம்மாவே சொல்லியிருப்பார். தெருவுக்கே தெரியும். நீங்கள் கேட்கவில்லை. அவருடைய போனுக்கு அடித்தீர்கள். முதல் மணியிலேயே எடுத்தார். பழைய வீட்டு மாடியில் இருக்கிறேன் என்று சொல்லி, வழியும் சொல்லி, நீங்கள் தப்பான சந்தில் திரும்பிவிடக் கூடாது என்று தெருமுனைக்கே வந்து நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஒளிந்துகொள்கிறவன் செய்கிற காரியமா இது?

வாசலில் நாற்காலி போட்டேன். டீ கொடுத்தேன். ஆடி விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அந்தச் சிரிப்பு மேல்தான்.

"ஒரு கையெழுத்துதாங்க. ஆபீஸ் வரைக்கும் வந்தா ஒரு மணி நேரத்துல திரும்பீரலாம்" என்றீர்கள்.

அவர் அப்போது பேல் கட்டிக்கொண்டிருந்தார். பாதிதான் கட்டியிருந்தது. "அக்கா, கயிறு அவுந்துடாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, காலில் இருந்த ரப்பர் செருப்போடு ஜீப்பில் ஏறினார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் போன் அணைந்திருந்தது.

மறுநாள் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். காலை பத்திலிருந்து நான்கு வரை உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒருவர் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"வெளிநாட்டுக்காரங்கள வெக்கிற முகாமுக்கு அனுப்பியாச்சுங்கம்மா."

"என்ன கேசுங்க?"

"கேஸ் எல்லாம் இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க அடச்சு வெச்சிருக்கீங்க?"

"விசாரணைங்க."

"எப்ப முடியுங்க?"

"முடியறப்ப முடியும். நீங்க யாரு, ரத்த சொந்தமா? ஆர்டர் காப்பி எல்லாம் உங்களுக்குத் தர முடியாது."

யூனிட்டுக்கு வந்து சொன்னேன். எங்களிடம் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். அவரும் இவளும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். கையிலிருந்த பனியனை மேசையில் வீசினாள்.

"ஏ யக்கா, கேஸு இல்லங்காவ, ஆளையும் விடமாட்டோம்ங்காவ. இது என்ன நியாயம்? வாங்க, கலெக்டர் ஆபீஸ்ல போயி நிப்போம்."

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள். அதற்கு முன்னால் அவருக்குச் சரக்கு விற்ற கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் போன் செய்தேன். ஆறு வருடம் இவர்களுடைய கழிசலைத் தூக்கிக் குடோனைக் காலி செய்து கொடுத்தவர். ஒருவர் சொன்னார், "வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம்ங்க. சரக்கு வாங்கற பையர் காதுக்குப் போனா நம்ம ஆர்டருக்கு வேட்டு." இன்னொருவர், "அவன் போனா இன்னொருத்தன் வருவானுங்க" என்றார். ஒருவர்கூட வரவில்லை. நானும் என் பெண்கள் ஐந்து பேரும் போனோம். பழைய ஏற்றுமதி அட்டைப்பெட்டியைக் கிழித்து, "குற்றம் என்ன? சொல்" என்று மார்க்கரில் எழுதிக்கொண்டோம்.

கலெக்டர் அலுவலக வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பையைச் சோதித்தார்கள். மண்ணெண்ணெய் இல்லை. ஆறு பைகளிலும் பிசிறு வெட்டும் கத்தரி இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பையில் அது எப்போதும் கிடக்கும். யாருக்கும் எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

"என்னம்மா, ஆளுக்கொரு ஆயுதமா?" என்றார் போலீஸ்காரர்.

"பிசிறு வெட்டறதுங்க."

"எங்களையும் வெட்டிருவீங்களோ?"

"நீங்க பிசிறா இருந்தா வெட்டத்தான செய்வோம் சார்" என்றாள் தூத்துக்குடிக்காரி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கத்தரிகளையும் அட்டைகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். "ஒரு நைஜீரியாக்காரனுக்கு இத்தன பொம்பளைங்களா? அவன் உங்களுக்கு என்னங்க வேணும்?"

"அவரு கானாங்க. ஆறு வருசம் எங்க மாடியில இருந்தாரு. அது பத்தாதுங்களா?"

உள்ளே மனுவை வாங்கி, சீல் குத்தி, ஒரு எண் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது கத்தரிகளைக் கொடுத்துவிட்டார்கள். அட்டைகளைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு திங்கட்கிழமைகள் போனோம். நான்கு எண்கள் வந்தன. மனு உங்கள் அலுவலகத்துக்கே அனுப்பப்பட்டது என்று ஒரு கடிதம் வந்தது. யார் மேல் புகார் சொன்னோமோ அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

இதற்கிடையில் ஆவணி முதல் வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். அவருடைய சாமான்கள் எல்லாவற்றையும் நாங்களே புது வீட்டில் இறக்கினோம். கட்டில், குக்கர், ஸ்பீக்கர், பைபிள், பாதி கட்டிய பேல். கயிறு அவிழாமல் தூக்கினோம். அவருடைய அடுப்பில் பால் காய்ச்சினேன். பால் பொங்கியது. குடிக்க வேண்டியவர் இல்லை. ஆறு பெண்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். முகவரியில் இல்லை என்பதுதானே குற்றம், இப்போது முகவரி சரியாகிவிட்டது என்று என் மண்டையில் ஒரு நினைப்பு. அங்கிருந்தே உங்களுக்குப் போன் செய்தேன்.

"சாமான் எல்லாம் எறக்கியாச்சுங்க. வந்து பாத்துட்டுப் போங்க."

"சாமான் இருந்தா ஆச்சுங்களாம்மா? ஆளு குடியிருக்கோணும்ல?"

நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். ஆளைப் பிடித்து வைத்திருப்பது யார்?

புரட்டாசியில்தான் பார்க்க அனுமதி கிடைத்தது. நான்கு மணி நேர பஸ். தூக்குப்போசியில் களி கொண்டுபோனேன். சமைத்த சாப்பாடு உள்ளே போகாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரிய நேரமாயிற்று. சட்டை தோளில் தொங்கியது. அதே ரப்பர் செருப்பு.

"ஆடி முடிஞ்சுதா அக்கா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா, நாள் தெரியாமல் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சு போச்சுங்க தம்பி. பாலும் காச்சிட்டோம்."

தலையை ஆட்டினார். பேலைப் பற்றிக் கேட்டார். அவிழவில்லை என்றேன்.

"என்னாலதானுங்க தம்பி இப்படி ஆயிருச்சு" என்று சொன்னேன்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வருடத்தில் என் மனம் நோகக் கூடாது என்று ஒரு பொய்யும் சொன்னவர் இல்லை அவர்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. விசா மார்கழியில் முடிகிறது. வெளியில் இருந்தால்தான் புதுப்பிக்கலாம். புதுப்பிக்க முகவரி சரியாக இருக்க வேண்டும். முகவரி விசாரணையில் இருக்கிறது. விசாரணை முடிந்தால்தான் வெளியில் விடுவார்கள். "உள்ள இருக்கும்போது விசா முடிஞ்சா, அப்ப நெஜமாவே தப்பு ஆயிடும் அக்கா" என்றார். உங்களுக்கு வேண்டிய குற்றம் இதுவரை உங்களிடம் இல்லை. பூட்டி வைத்து அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஞாயிறுதோறும் கானாவிலிருந்து அவர் மனைவி என் போனுக்குக் கூப்பிடுகிறாள். பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்கும். எனக்குத் தெரிந்தது கம்பெனி இங்கிலீஷ் மட்டும்தான். ஆர்டர், டெலிவரி, ரிஜெக்ட், பெண்டிங். "டேட்? டேட்?" என்று கேட்கிறாள். "பெண்டிங்" என்கிறேன். ஒரு மனிதனைப் பெண்டிங் என்று சொல்ல வாய் கூசுகிறது. வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. அவள் அழுகிறாள். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

இப்போது கார்த்திகை. விசா முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. புது வீட்டை வாரம் ஒரு நாள் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டுகிறேன். எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னார். தப்புச் செய்தது நான் ஒருத்தி, நீங்கள் ஒருவர். நான் என் தப்பை எல்லோர் முன்னாலும் இங்கே எழுதிவிட்டேன்.

இனி உங்கள் முறை. தபாலில் வேண்டாம், ஜன்னல் வழியாகவும் வேண்டாம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிற கூடத்துக்கு வாருங்கள். மைக் இருக்கிறது, ஜனம் இருக்கும், நாங்கள் ஆறு பேரும் இருப்போம். அவரை எந்த ஆணையின் பேரில் வைத்திருக்கிறீர்கள் என்று படித்துக் காட்டுங்கள். அவரே தெருமுனையில் நின்று உங்களைக் கையாட்டிக் கூப்பிட்டதையும், ஆடி என்பதால் வீடு மாறவில்லை என்று நான் சொன்னதையும் உங்கள் அறிக்கையில் எழுதினீர்களா, இல்லையா? எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.