ராகிக் கொல்லையில் இறங்கிய விமானம்

கெலமங்கலத்தில் நின்று எந்தத் திசைக்குப் பஸ் ஏறினாலும் மலை வரும், பாறை வரும், கடல் வராது. அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்துதான் என் மாமா, அம்மாவின் தம்பி, கடற்படைக்குப் போனார். போனவர் சும்மா போகவில்லை. கப்பலிலிருந்து ஏரோப்ளேன் ஓட்டுகிற ஆபீசராகப் போனார். பின்னால் எத்தனையோ வருஷம் பறந்தார். புதிதாக வந்தவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரு விமானக் கூட்டத்துக்கே தலைவரானார். தோளில் தங்கப் பட்டை கூடிக்கொண்டே போய்த்தான் ஓய்வு பெற்றார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனாலும் அவருடைய பதவிகளை வரிசை தப்பாமல் சொல்வேன், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இத்தனை பெரிய மனிதருக்குப் பெண் கிடைக்காமல் போக இருந்தது. அதற்குக் காரணம் நான்.

எனக்கு அப்போது எட்டு வயது. பொங்கல் லீவில் வந்த மாமாவுக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் பெண்ணைக் கேட்டார்கள். அந்த அக்கா எஸ்எஸ்எல்சி படித்தவள், வீண் பேச்சு பேசாதவள். மாமாவுக்கு அவள் மேல் எப்போதிலிருந்தோ ஒரு கண். அவளுக்கும் இவர் மேல் இருந்தது என்று அம்மா சொல்வாள். அவளுடைய அப்பாதான் பிடிகொடுக்கவில்லை.

"கப்பல் மேல ஏரோப்ளேன் எறங்குதாமே! எருமை மேல காக்கா உக்கார்ற மாதிரியா?" என்று டீக்கடையில் கேட்டாராம். கடையே சிரித்ததாம். பையன் ஏதோ கப்பலில் சமையல் வேலை பார்க்கிறான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறான் என்று அவருக்கு நினைப்பு.

மாமா லீவு முடிய நாலு நாள்தான் இருந்தது. அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. அதற்குள் அந்தப் பெண்ணைத் தளிப் பக்கம் ஒரு மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பேச்சு. சொன்னால் நம்பாதவருக்குக் காட்டிவிடுவோம் என்று மாமா கிளம்பினார். ராகி அறுத்த எங்கள் கொல்லையில், வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பில் மிச்சமிருந்த தூளைக் கொண்டு கப்பலின் மேல்தளத்தை அசல் அளவிலேயே கோடு போடத் தொடங்கினார். நான் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

கப்பல் எங்கள் கொல்லையில் கொள்ளவில்லை. வரப்பைத் தாண்டி அந்த அக்காவின் அப்பா கொல்லைக்குள் போய்விட்டது. அவர் சந்தைக்குப் போயிருந்தார்.

"பொழுது சாயறதுக்குள்ள வருவாரு. கண்ணால பாத்தா நம்புவாரு. நாலு மூலைக்கும் கல்லு வெச்சிடு பாப்பா" என்று சொல்லிவிட்டு மாமா கயிறு எடுக்கப் போனார்.

கல் வைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்குத்தான் வெறும் கல் போதவில்லை. ஓசூர் ரோட்டில் கம்பெனிகளுக்கு நிலம் எடுக்க ஆபீசர்கள் அளந்தபோது குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். என்ன அழகாக ஆடியது! என் பழைய பாவாடையைக் கிழித்து நாலு மூலையிலும் கொடி நட்டுவிட்டேன்.

பஸ் இறங்கி வந்தவர் பார்த்தது என்ன? தன் கொல்லையில் சுண்ணாம்புக் கோடு. சிவப்புக் கொடி. சர்க்கார் ஆபீசர் மாதிரி பேண்ட் போட்ட மாமா. கூடை கீழே விழுந்தது. அவருக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் முதலில் வரும்.

"ஏனப்பா இது? என்னடா இது? நேத்து பொண்ணு கேட்டான், இன்னிக்கு நெலம் கேக்கறானா! நிச்சயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. போடா!"

நிலம் போகிறது என்று சத்தம் கேட்டதும் ஊரே ஓடி வந்தது. பெண்கள் துடைப்பத்தோடு வந்தார்கள், கோட்டை அழிக்க. நான் அம்மா புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மாமா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கொடி நட்டது யார் என்று கடைசி வரை சொல்லவும் இல்லை.

மாமா நேராகப் போய்ப் புளியங்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்தார். இடுப்பில் கட்டி, கொக்கி பின்னால் தரையில் இழுபடும்படி விட்டார். தளத்தின் குறுக்கே மாட்டுக் கயிற்றை இழுத்து ஒரு முனையை முளைக்குச்சியில் கட்டினார். மறுமுனையைக் கொண்டுபோய் அந்த அக்காவின் அப்பா கையிலேயே கொடுத்தார்.

"புடிங்க மாமா. ஏரோப்ளேன் வருது. வால்ல இருக்கற கொக்கி இந்தக் கயித்துல மாட்டினாத்தான் நிக்கும்."

"யாருக்குடா மாமா?" என்றார். ஆனால் கயிற்றை விடவில்லை.

மாமா கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். கொக்கி மாட்டவில்லை. கோட்டைத் தாண்டி ஓடினார்.

"போச்சு! கடல்ல வுழுந்தான்!" என்று கத்தினார் கயிறு பிடித்தவர்.

"வுழல மாமா! மாட்டலன்னா மேல தூக்கிட்டுப் போயிடணும். மறுபடி சுத்தி வரணும்!"

ஒரு சுற்று சுற்றி இரண்டாம் முறை வந்தார். கொக்கி கயிற்றைக் கவ்வியது. மாமா பின்பக்கமாக உட்கார்ந்தார். கயிறு பிடித்திருந்த மனிதர் ராகித் தாளில் குப்புற விழுந்தார். விழுந்தவர் மீசையில் மண்ணோடு எழுந்து, "இப்படியா நிறுத்தறாங்க? இன்னொரு தடவ வா, நான் காலை ஊனிப் புடிக்கிறேன்!" என்றார். துடைப்பங்களைப் போட்டுவிட்டு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தக் கொல்லை பிறகு நிஜமாகவே ஒரு கம்பெனிக்குப் போனது. இன்று அங்கே ஷிப்ட் பஸ்கள் நிற்கின்றன.

சிரிக்காதவள் அந்த அக்கா ஒருத்திதான். கயிற்றிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் மெதுவாக நடந்தாள். உதடு அடிகளை எண்ணிக்கொண்டே வந்தது. கோட்டின் மேல் நின்று கீழே பார்த்தாள். அங்கே வெறும் ராகித் தாள்தான் இருந்தது. திரும்பி வந்து, எல்லோர் எதிரிலும் மாமாவிடமே கேட்டாள்.

"இருட்டுலயும் எறங்கணுமா?"

"எறங்கணும்."

"கப்பல் ஆடாம நிக்குமா?"

"நிக்காது" என்றார் மாமா. அவர் சிரிப்பும் நின்றுவிட்டது.

இன்னொரு தரம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். "சரின்னு சொல்லிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

இவ்வளவு நல்ல விளையாட்டில் சிரிக்கத் தெரியாதவள் எங்கள் மாமாவுக்குப் பெண்டாட்டியா என்று எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணப் பந்தலில் அவள் தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லிக் கூப்பிட்டபோது சுண்டு விரலை நீட்டிக் காய் விட்டுவிட்டு ஓடிப்போனேன்.