பெரியப்பா ஒளித்து வைத்த சீட்டு

போன மாதம் ஒரு ஞாயிறு. அரியலூரில் பெரியம்மாவின் மருத்துவ ஃபைலை அடுக்கிக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு... எல்லாம் தேதி வரிசையில். எனக்கு அது ஒரு வியாதி!

பஸ்ஸில் இருந்து இறங்கும்போது விழுந்து, தொடை எலும்பு முறிந்து, பெரியம்மாவுக்கு பிளேட் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எலும்பு கூடிவிட்டது. புண் ஆறிவிட்டது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். வாக்கரில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இப்படியே இருந்தால் இனி நடக்கவே முடியாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

எக்ஸ்ரே உறைக்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு. ‘மனநல மருத்துவரிடம் காட்டவும்.’ எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது!

“என்ன பெரியப்பா இது?”

“மெதுவா பேசும்மா. நம்ம புள்ளைய பொண்ணு பாக்க ஜெயங்கொண்டத்துலேருந்து வராங்க. தாய்க்காரி பைத்தியக்கார டாக்டர்கிட்ட போறான்னு தெரிஞ்சா என்னாவுறது?”

“நடக்க முடியாம கெடந்தா மட்டும் பரவால்லையா?”

“அது ஆக்சிடென்ட்டும்மா. யாருக்கும் வரும்.”

கோபம் தலைக்கேறியது. நான் வேலை பார்க்கும் சிமென்ட் ஆலையில் ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால், மோட்டாரை மட்டுமா பார்க்கிறோம்? கரன்ட் வருகிறதா என்றும் பார்க்க மாட்டோமா? ஒரு இயந்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதை கூட ஒரு பொம்பளைக்குக் கிடையாதா? ‘சோம்பல்’, ‘பிடிவாதம்’ என்று வந்தவர்கள் எல்லாம் திட்டிவிட்டுப் போனார்களே!

கட்டிலில் இருந்து குரல் வந்தது.

“கால ஊனுனா பஸ்ஸு நவுர்ற மாதிரியே இருக்குடி...”

இரண்டு மாதத்தில் யாரும் அவரிடம் கேட்காத விஷயம். நானும்தான் கேட்கவில்லை.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, கார் பிடித்து, பெரம்பலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். மாத்திரை, கவுன்சலிங், கூடவே பிசியோதெரபி. இப்போது பெரியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்.

நேற்று எதிர் வீட்டு அம்மா பிரெட் பாக்கெட்டோடு வந்தார்.

“நடக்குறியேக்கா! எந்த டாக்டரு?”

பெரியப்பா அவசரமாக இருமினார். பெரியம்மா கண்டுகொள்ளவே இல்லை.

“மனசு டாக்டரு. எனக்குப் பயம் புடிச்சிருந்துச்சு. அவருதான் போக்குனாரு.”

அந்த அம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டார்.

“எந்தக் கெழமை வருவாரு? சிசேரியன் ஆனதுலேருந்து எம் மவ ஒரே அழுவை... நான் கேட்டேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதக்கா.”

அம்மா தாயே, இதையாவது கொஞ்சம் சத்தமாகக் கேளுங்களேன்!