ஆயம்மா அனுப்பிய நூல்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய சவர்க்காரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஐந்து கறுப்பு நூல்கள். நான்கில் தலா ஒரு முடிச்சு, ஐந்தாவதில் இரண்டு. நுனியிலிருந்து முடிச்சு வரை உள்ள நீளம் ஒரு பெண்ணின் இடுப்புச் சுற்றளவு. ஐந்தும் ஒருவருடையவைதான். வேலை முடிந்து வந்து பேனா தேடும்போதெல்லாம் கை அந்தப் பெட்டியில் படும். திறப்பதில்லை. எந்த நூல் எவ்வளவு நீளம் என்பது திறக்காமலே தெரியும்.

அவர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தார். நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். மதியம் பால் கொடுக்க இறங்கி வருவார்கள். என் அம்மாவும் என்னை அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆயம்மா இடுப்பில் கறுப்பு நூல் கட்டுவார். கண்ணூறு படாமலிருக்க என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அவருக்கோ அதுதான் தராசு. மாதக் கடைசியில் பிள்ளையை மடியில் போட்டு, நூலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுழையாவிட்டால் சந்தோஷமாக நூலை அறுத்துவிட்டு நீளமாக வேறொன்று கட்டுவார். "நூலு இறுகுனா புள்ள தேறுது. நூலு தொங்குச்சுன்னா தாய்க்காரியக் கூப்புட்டுக் கேக்கணும்" என்பார். எத்தனையோ பிள்ளைகளின் மெலிவை மருத்துவமாது வருவதற்கு முன்பே அந்த விரல் கண்டுபிடித்திருக்கிறது.

ஆயம்மா நல்ல பருமன். மலையேற வேண்டாத வேலை. பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றைக் கொட்ட மனம் வராது, உருண்டை பிடித்து வாயில் போட்டுக்கொள்வார். நாளுக்கு ஏழெட்டுத் தடவை சீனி அள்ளிப் போட்ட, பாலில்லாத சாயத்தண்ணி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரும் பெண்கள், "ஆயம்மாவுக்கு என்னா, தொர பங்களா அம்மா மாதிரி இருக்காங்க" என்று சீண்டுவார்கள். "ஒங்க புள்ளைக மிச்சத்தத் தின்னுதான்டி இப்புடி ஆனேன். ஒழுங்கா தின்னப் பழக்குங்க, நான் எளைச்சிருவேன்" என்பார் அவர். மெலிந்த உடம்புகளையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பருமன் ஒரு வசதியாகத்தான் தெரிந்தது. நூல் இறுகினால் நல்லது என்பதைப் பெரியவர்களுக்கும் பொருத்திக்கொண்டோம்.

அவருடைய கணவர் கசிப்புச் சாராயம் குடித்தே செத்தவர். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, இரத்தமாக வாந்தியெடுத்துப் போனார். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஈரல் என்ற சொல்லே அப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் வாயில் வரும். 'அவனுக்கு ஈரல் போச்சு' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. அதற்குப் பிறகு குடித்த வாயோடு எவனும் பிள்ளைக் காம்பரா வாசலை மிதிக்க ஆயம்மா விட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் உயர்தரம் வரை படித்தவன் நான். தோட்டங்களுக்குப் போகும் ஒரு நடமாடும் சுகாதாரக் குழுவில் வேலை கிடைத்து, பதுளையில் தங்கினேன். நிறை பார்ப்பது, இடுப்பளவு எடுப்பது, படிவம் நிரப்புவது, சிங்களத்தில் பேசும் டொக்டர் அம்மா சொல்வதைத் தமிழில் சொல்வது, இவ்வளவும் என் பொறுப்பு. எங்கள் தோட்டத்துக்கே குழு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைக் காம்பராவிலேயே கிளினிக். அன்றைக்குப் பார்த்துத் தாதி லீவு. என் கையில் அளவு நாடாவைக் கண்டதும் பெண்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள். ஆயம்மாதான் நூல்கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், முடிச்சுப் போட்ட நூலோடு வெளியே வந்தார். "இந்தா, இத அளந்துக்க. மூணு மாசத்துல ஒன் இடுப்ப அளந்தவ நான். இப்ப நீ என்னைய அளக்க வந்துட்ட." எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாருமே அப்படி நூலில் அளந்து தந்தார்கள். அதுதான் முதல் நூல். நாடாவில் வைத்துப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு சென்ரிமீற்றர்.

ஆயம்மாவுக்குச் சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், இருந்தது. டொக்டர் அம்மா என்னைப் பக்கத்தில் அழைத்து மெதுவாகத்தான் சொன்னார். இந்த இடுப்பளவும் சீனியும் சேர்ந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கலாம், வலியில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும் என்றார். நான் அதை மெதுவாகச் சொல்லவில்லை. படித்தவன் பேசுவது எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்: "ஆயம்மா, ஒங்க ஈரல்ல கொழுப்புப் படிஞ்சிருக்கும் போல. ஸ்கேன் எடுக்கணும்."

வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஈரலா? அப்ப ஆயம்மாவும் புருசனோட சேந்து..." என்று இழுத்தது. இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள். ஆயம்மா ஸ்கேனுக்கான சீட்டை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அழுத பிள்ளையைத் தூக்கப் போய்விட்டார்.

அவர் பதுளைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பேன். "வலிக்கலையே தம்பி" என்பார். ஒன்றரை வருடம் அப்படியே போனது. ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோதுதான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அன்னைக்கு எல்லாரு முன்னுக்கும் சொன்னீல்ல? அதுலருந்து புள்ளய விட வாறவளுக எம்மூஞ்சிக்கிட்ட வந்து மோந்து பாக்குறாளுக. ஈரல் பாக்கப் போனேன்னு தெரிஞ்சா அது நெசம்னே ஆயிரும். குடிக்கிறவகிட்ட எவ புள்ளய விடுவா? இந்த வேலையும் போயிட்டா நான் எங்க போவேன்?"

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "எல்லாரு முன்னுக்கும் கெடுத்த. எல்லாரு முன்னுக்கும் திருத்து" என்றார்.

விடியற்காலையில் தொழிலாளர்கள் கூடி அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். தீபாவளி லீவு முடிந்து தோட்டத்தில் வேலை தொடங்கிய நாள் அங்கே போய் நின்றேன். வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை, "சுருக்கா சொல்லு, மலையேறணும்" என்றார். ஆயம்மா வாழ்நாளில் ஒரு சொட்டும் தொட்டவரில்லை, குடிக்காதவர் ஈரலிலும் கொழுப்புப் படியும், உடம்பு பெருத்தவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் அது வரும், நேரத்தோடு பார்த்தால் குறைக்கலாம் என்று சொன்னேன். "குடிச்சாலும் வரும், குடிக்காட்டியும் வரும். அப்ப நான் எதுக்குப்பா குடிக்காம இருக்கணும்?" என்று ஒருவர் கேட்க, களமே சிரித்தது. "நீ குடிச்சு வர வைக்கிற, அவங்க எங்க புள்ளைகளுக்காக உக்காந்து வர வச்சுக்கிட்டாங்க. வாய மூடு" என்றாள் ஒருத்தி. பிறகு என்னைப் பார்த்து, "அந்தச் சீட்டு எனக்கும் ஒண்ணு குடு தம்பி" என்றாள்.

அடுத்த வாரம் ஆயம்மாவோடு ஐந்து பெண்கள் ஹாலிஎல வழியாகப் பதுளைக்கு பஸ் ஏறினார்கள். அந்த ஐந்து பேரில் மூவருக்குக் கொழுப்பு மட்டும்தான், குறைத்துவிடலாம் என்றார்கள். ஆயம்மாவின் ஈரல் இறுகத் தொடங்கியிருந்தது. இந்தத் தடவை அவரை ஒரு மூலைக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரருக்கு வந்ததேதானா?" என்று மட்டும் கேட்டார். "வந்த வழி வேற ஆயம்மா" என்றேன். அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீனியை விட்டார். பிள்ளைகளின் மிச்சச் சோறு கோழிக்குப் போனது. மாலையில் கோயில் வரை நடந்தார். பதுளைக்கு வரும் யாரிடமாவது, தாளில் மடித்து, புதிதாக அளந்த நூலைக் கொடுத்தனுப்புவார். இரண்டாவது நூல் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. மூன்றாவது அதைவிடக் குறைவு. நான்காவது இன்னும் குறைவு. மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். போனில், "நூலு தொங்குதுடா தம்பி, இது நல்லதுதானா?" என்பார். தொங்கும் நூலுக்கு வாழ்நாள் முழுக்கப் பயந்தவர், என் வார்த்தைக்காக அதை நல்லது என்று ஏற்றுக்கொண்டார். கை மெலிந்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னபோதும் "எடை குறையுது, நல்லது" என்றேன். வேலை வேலை என்று இரண்டு தடவை ஊருக்குப் போகாமல் விட்டேன். நூலைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது நூலைப் பக்கத்து லயத்து அக்கா கொண்டுவந்தார். "நூலு மறுபடியும் இறுகிருச்சாம். ஒடம்பு தேறிருச்சுன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க." விரித்துப் பார்த்தேன். முதல் நூலைவிட நீளம். அது தேறிய உடம்பல்ல, வயிற்றில் சேர்ந்த நீர் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மதிய பஸ்ஸில் போனேன். பிள்ளைக் காம்பராப் படியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது, கண் மஞ்சள். என்னைக் கண்டதும் சிரித்தார். "பாத்தியா, நூலு பத்தல" என்றார். அந்த மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார்.

இப்போதும் தோட்டம் தோட்டமாகப் போகிறேன். பையில் நாடாவோடு ஒரு கறுப்பு நூல்கட்டையும் இருக்கும். முதலில் கையையும் கண்ணையும் பார்க்கிறேன், பிறகுதான் நூலை வாங்குகிறேன். ஈரல் என்ற சொல்லைப் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொல்கிறேன். சிலர் பதுளைக்குப் போகிறார்கள், சிலர் வலிக்கவில்லையே என்கிறார்கள். மாலையில் களைத்து வந்து இழுப்பறையைத் திறந்தால் கையில் அந்தப் பெட்டிதான் படுகிறது.

ஐந்தாவது நூலில் ஏன் இரண்டு முடிச்சு என்று சொல்லவில்லை. கட்டையில் மிச்சமிருந்த நூல் அவர் இடுப்புக்குப் போதவில்லை; இன்னொரு துண்டை ஒட்டுப்போட்டிருக்கிறார். எது ஒட்டு, எது அளவு என்று தெரிவதற்காக அளவு முடிச்சில் மட்டும் ஒரு சிவப்பு இழையைச் சுற்றியிருக்கிறார், நான் தப்பாக அளந்துவிடக் கூடாது என்று.