சயான் கிளினிக்கில் நான் மென்று விழுங்கிய வாக்கியம்

மூன்று வருஷத்துக்கு முந்தைய மழைக்காலம். பம்பாய் சயானில் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக்கில், மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் தினமும் காலை ஏழிலிருந்து பத்து வரை உட்கார்ந்திருப்பேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. படித்தது விலங்கியல். வேலை ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில், ஆஸ்பத்திரி பேப்பர்களைப் பார்த்து சரி, சரியில்லை என்று டிக் அடிப்பது. ஆறு வருஷம் அடித்து அலுத்துவிட்டது. 'பக்கவாதம், பிசியோதெரபி முப்பது நாள்' என்று பேப்பரில் வருகிறதே, அந்த மனுஷர் கடைசியில் நடந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தக் குடைச்சல்தான் என்னைப் பிசியோதெரபி பக்கம் தள்ளியது.

இங்கே படிப்பதென்றால் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளோடு முதல் வருஷத்திலிருந்து உட்கார வேண்டும். அமெரிக்காவில் என்றால், வேறு பட்டம் வாங்கியவர்களும் மேல்படிப்பாகவே சேரலாம். ஆனால் என்னை மாதிரிப் புது ஆட்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இத்தனை மணி நேரம் இருந்து வேலையைப் பார்த்தேன் என்று காட்ட வேண்டும். அவர் கையால் ஒரு சிபாரிசுக் கடிதமும் வேண்டும். மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் அப்பா, "இருக்கற நல்ல வேலைய விட்டுட்டு, இவ ஊரார் காலைப் பிடிச்சுவிடப் போறாளாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனாலேயே எப்படியாவது இடம் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

கிளினிக் மேடம் மராட்டிக்காரர். படு கறார். பார்க்கலாம், தொடக்கூடாது, பேசக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் தாராவியிலிருந்து வருகிற நம் ஆட்களில் சிலருக்கு ஹிந்தி வராது. மேடத்துக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அதனால் ரெண்டே வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, நான் சொல்வதை அப்படியே இவர்களிடம் சொல் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டூலிலிருந்து பதவி உயர்வு ஆச்சே!

அப்படி வந்தவர்களில் ஒரு அண்ணாச்சி. தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். அவரைப் பார்த்துக்கொள்ள அவர் மனைவி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக பம்பாய் வந்திருந்தார். அந்த அக்காவுக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. தாராவியில் இவர்களுடையது மாடி அறை. ஏறி இறங்க வெளியே செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி, அவ்வளவுதான். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு கட்டி இறக்குவார்களாம்.

ஒருநாள் அண்ணாச்சியை உள்ளே படுக்க வைத்துவிட்டு, மேடம் அக்காவை வெளியே அழைத்தார். என்னிடம் நிதானமாகச் சொன்னார். சமதரையில் பிடித்துக்கொண்டு நடப்பார். ஆனால் அந்த ஏணியில் இனி அவரால் ஏற முடியாது. முயற்சிகூட வேண்டாம். சீக்கிரம் கீழே ஒரு அறை பார்த்து மாறச் சொல்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "இவிய எப்பம் தாயி ஏணில ஏறுவாவ?" என்று கேட்டார். ஊரை விட்டு வந்த முகம், ரெண்டு மாதமாகத் தூங்காத கண். அந்த முகத்தைப் பார்த்து 'இனி முடியாது' என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. "இப்போதைக்கு வேண்டாம்க்கா. கொஞ்ச நாள் போகட்டும், ஏறிடுவார். முடிஞ்சா கீழ ஒரு இடம் பாருங்க" என்றேன். அக்கா சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேடமும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

எனக்கோ ஒரே பெருமை. விண்ணப்பத்தோடு, இந்தத் துறைக்கு ஏன் வர நினைக்கிறாய் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஆபீஸ் போகிற லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே போனில் அந்தச் சிரிப்பை எழுதினேன். நோயாளிகளுக்கு அவர்கள் பாஷையில் நம்பிக்கை கொடுக்கிறேனாம்! இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து அக்கா தனியாக வந்தார். புடவை முழுக்க மழை. முந்தின நாள் காலை அண்ணாச்சி ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான தாயி சொன்ன, கொஞ்ச நாள்ல ஏறிருவாவன்னு. அதான் ஒரு படி மட்டும் எறங்கிப் பாருங்கன்னு நாந்தான் சொன்னேன்" என்றார். கோபமே இல்லை. எங்கே தப்பாகப் போயிற்று என்று மேடத்திடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

அந்த வாரம்தான் மேடம் எனக்குக் கடிதம் எழுதித் தருவதாக இருந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் நான் மாற்றித்தான் சொன்னேன். விழுந்துவிட்டாராம், அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார் என்றேன். மேடத்துக்கு வந்ததே கோபம்! அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஏன் ஏணியில் விட்டாள், புருஷன்மேல் அக்கறை இருக்கிறதா இல்லையா, கேள் அவளிடம் என்று கத்தினார்.

அக்கா என்னையே பார்த்தார். "என்ன தாயி சொல்லுதாவ?"

அதைத் தமிழில் சொல்ல என்னால் முடியவில்லை. தப்பு செய்தவள் நான், திட்டு வாங்குகிறவர் அவர். அழுதுகொண்டே ஹிந்தியில், இவங்க மேல தப்பில்லை மேடம், நீங்க சொன்னதை நான் இவங்ககிட்ட சொல்லவே இல்லை என்றேன். மேடம், முதலில் இதை அவளிடம் சொல் என்றார். சொன்னேன். அக்கா குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

இப்படி இன்னும் எத்தனை பேருக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறாய் என்று மேடம் கேட்டார். எனக்கு ஞாபகமில்லை. அதுதான் அவரை உலுக்கிவிட்டது என்று நினைக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் என்னைப் போன் போட வைத்தார், வரிக்கு வரி ஹிந்தியில் சொல்லிக் காட்டச் சொன்னார். பதினோரு பேர். அதில் ரெண்டு பேரிடம் நான் நல்லதாகப் பூசி மெழுகியிருந்தேன். பிறகு, உட்கார்ந்திருந்த மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கடிதம் மட்டும் என்னிடம் கேட்காதே என்றார். அந்த வருஷம் என் விண்ணப்பம் போகவில்லை. அடுத்த வருஷம் வேறு இடத்தில் மணி நேரம் சேர்த்து, கட்டுரையில் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். எல்லாக் காலேஜிலிருந்தும் இல்லை என்றே வந்தது.

அண்ணாச்சி அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஊருக்குக் கூட்டிப் போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து என் கையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருந்தா அழுதிருப்பேன் தாயி. அழுது முடிச்சிட்டு கீழ ஒரு வீடு பாத்திருப்பேம்லா."

பாவம் பார்த்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் அழுவதை நான் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது, அது தெரிந்த பிறகு அந்த நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.