கங்கையா பெயர் போட்ட பத்திரிகை

திருப்பதியில் எம்.பி.ஏ. படிக்கிற கல்பனாவுக்கு வைத்த தேர்வு, நடக்காத மாநாடு ஒன்றை நடத்திக் காட்டுவது. யார் வருவார்கள், எங்கே உட்காருவார்கள், என்ன பேசுவார்கள் என்று எல்லாம் எழுதி, அழைப்புப் பத்திரிகையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். "கற்பனைதான், ஆனா நிஜம் மாதிரி இருக்கணும்" என்றார் பேராசிரியை ஸ்வர்ணலதா. படித்தவர்களுக்கு இப்படியெல்லாம் விளையாட நேரம் இருக்கிறது.

கல்பனா மாந்தோப்பு விவசாயிகளையும் மாம்பழக்கூழ் ஆலைக்காரர்களையும் சித்தூரில் ஒரு மண்டபத்தில் காகிதத்திலேயே கூட்டிவைத்தாள். வரவேற்புரைக்கு ஒரு பெயர் வேண்டும். பாலசமுத்திரத்தில் குத்தகைக்கு மாந்தோப்பு பார்க்கும் தன் அப்பா கங்கையாவின் பெயரைப் போட்டாள். ஆசைதான், வேறென்ன? ஊர்த் திருவிழாப் பத்திரிகையில் அவர்கள் தெருவிலிருந்து ஒரு பெயர்கூட வந்ததில்லை.

மிச்சமான பத்திரிகைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போனதுதான் வினை. பத்திரிகையில் பெயர் இருப்பவர் நேரில் போய் அழைக்காவிட்டால் அந்த ஊரில் மரியாதை இல்லை. கங்கையா மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு, தோப்புக்காரர்கள் இருக்கும் பெரிய தெருவில் வாசல் வாசலாகப் போய்க் கொடுத்துவிட்டார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அச்சில் வந்தது பொய்யாகுமா?

சனிக்கிழமை ஊருக்கு வந்த கல்பனா, விஷயம் தெரிந்ததும் நேரே அப்பாவிடம் போனாள்.

"நைனா, அது பரீட்சைக்கு எழுதினது. கூட்டமே கெடையாது."

"இன்னாமா சொல்றே? தேதி போட்டுக்கீது, மண்டபம் போட்டுக்கீது. எல்லாரையும் கூப்ட்டுட்டு வந்துட்டேனே!"

"எல்லாம் சும்மா நைனா."

"என் பேருமா?"

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அப்போது வாசலில் வண்டி நின்றது. பெரிய தெரு நாராயணசாமி. இந்தத் தெருவுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. இன்று கங்கையா எடுத்துப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்தும் விட்டார்.

"கங்கையா, நாளைக்கு நம்ம கார்லயே போயிடலாம். ஆலைக்காரனுங்களாண்ட ரேட்டை நீயே மொதல்ல பேசு. நாங்க பின்னாடி நிக்கறோம்."

உண்மையைச் சொன்னால் ஊரே சிரிக்கும். இனி இந்த வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள்.

"கூட்டம் தள்ளிப் போச்சுங்க" என்றார் கங்கையா.

"எப்போ?"

கங்கையா மகளைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

"தேதி இவளுக்குத்தாங்க தெரியும். சொல்லுமா."

கல்பனா ஒரு தேதியைச் சொன்னாள். நாராயணசாமி அதைப் போனில் குறித்துக்கொண்டார்.