யாரும் தொடாத எண்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் இது ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல வெயிலில் நடந்தது. என் சித்தப்பா மகனுக்கு நடந்தது. அவனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்நேரம் மேனேஜர் ஆகியிருப்பான்.

அலுவலகத்தில் அவனைப் ‘புள்ளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளியிருந்தால் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிடுவான். அவன் எழுதுவது எமுலேட்டர். கடையில் கிடைக்காமல் போன பழைய ப்ராசஸரைப் போலவே புதிய கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் மென்பொருள் அது. அந்தப் பழைய ப்ராசஸர்கள், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் ஆஸ்பத்திரிச் சூட்டுப் பெட்டிகளுக்குள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டும் இருந்தன. அவற்றில் ஓடும் புரோகிராமை நகலெடுக்க ஆஸ்பத்திரி மெக்கானிக் ஒரு பழைய போர்டைக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலை எல்லாப் பெட்டிகளிலும் எமுலேட்டர் ஓடும் புதிய போர்டை மாட்டுவதாக ஏற்பாடு.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் அவன் தங்கையின் குழந்தை இருந்தது. ஒரு கைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தான்.

கடைசி நேரச் சோதனையில் ஒரு கோளாறு. பெட்டிக்குள் இரண்டு புரோகிராம்கள் மாறி மாறி ஓடும். ஒன்று குழந்தையின் உடம்புச் சூட்டைக் கணக்கிடும். இரண்டாவது, ஹீட்டரைக் கூட்டும், குறைக்கும். தசம எண்களை வைத்துக்கொள்ள, ப்ராசஸருக்குள் இரண்டுக்கும் பொதுவாக அலமாரி மாதிரி ஒரே இடம்தான். ஒரு புரோகிராம் அலமாரியைத் தொட்டால் ‘தொட்டது’ என்று ஒரு குறி விழவேண்டும். குறி இருந்தால்தான், அது இடத்தைக் காலி செய்யும்போது அதன் எண்கள் பத்திரமாக எடுத்து வைக்கப்படும். புள்ளி, கணக்குப் போடும்போது குறி விழும்படி எழுதியிருந்தான். எண்ணைக் கொண்டுவந்து சும்மா வைக்கும்போது குறி வைக்க மறந்துவிட்டான். விளைவு, ஒன்றின் எண்ணை மற்றது தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. ஹீட்டருக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

இரண்டு வரியில் திருத்திவிட்டான். குறி விழும்போதெல்லாம் யார் தொட்டது, என்ன எண் என்று திரையில் காட்டும்படி இன்னொரு வரியும் சேர்த்தான். சோதனைக்காக உடம்புச் சூடு எப்போதும் 37.0 டிகிரி செல்சியஸ் என்று கொடுத்து ஓடவிட்டான். மணி இரண்டு பத்து. தளத்தில் ஈ காக்கை இல்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ஒன்று. இரண்டு. ஒன்று. இரண்டு.

பிறகு... பூஜ்யம்.

பூஜ்யம் என்றால் எந்தப் புரோகிராமும் ஓடவில்லை என்று அர்த்தம். யாருமே இல்லாதபோது அலமாரியை யாரோ தொட்டிருக்கிறார்கள். வைத்த எண் 36.1.

புள்ளிக்குச் சிரிப்பு வந்தது. தான் சேர்த்த வரிதான் உளறுகிறது என்று நினைத்தான்.

மறுபடி பூஜ்யம். 35.9.

திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டினான். பூஜ்யம் காணாமல் போனது. ‘அப்பாடா’ என்று அலமாரியைத் திறந்து பார்த்தான். உள்ளே 35.6 இருந்தது.

ஆக, அது முன்பிருந்தே தொட்டுக்கொண்டிருக்கிறது. குறி விழாததால் இவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து யாரும் நுழைகிறார்களோ என்று நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். 35.3.

எமுலேட்டரையே நிறுத்தினான். கழிவறைக்குப் போய் முகம் கழுவினான். திரும்பி வந்து புதிதாகத் தொடங்கினான். தொடங்கும்போது அலமாரி முழுக்க வெறுமையாகத்தான் இருக்கும். அப்படி எழுதியதே அவன்தான்.

பூஜ்யம். 34.7.

நிறுத்தியிருந்த நேரத்திலும்... அது இறங்கியிருக்கிறது.

 இது ஓர் உடம்பு. சூடு போய்க்கொண்டிருக்கிற உடம்பு.

தங்கைக்குப் போன் போட்டான்.

“பாப்பா எப்படி இருக்கா?”

“தூங்குறாண்ணா. முப்பத்தாறு புள்ளி எட்டு காட்டுது.”

“காட்டுறத விடு. கைய உள்ள விட்டுத் தொடு.”

“நர்ஸ் திட்டுவாங்க.”

“தொடுடீ.”

போனில் பெட்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஏசி உறுமியது.

“அண்ணா... ஜில்லுன்னு இருக்கா.”

அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, குழந்தையைத் தங்கையின் மார்போடு சேர்த்துப் போர்த்தியிருந்தார்கள். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. ஒரு தடவை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு இவனும் அழுதான். வெட்கமே படவில்லை. பெட்டியைப் பார்க்க வந்த மெக்கானிக், போர்டு செத்துப்போய்க் கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்றார் டாக்டர்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பினான். எமுலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை மார்பில் குழந்தைக்குச் சூடு ஏறிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, பூஜ்யம் வைத்த எண் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. 33.5... 32.8... 32.0...

அப்படியானால் இது நம் பாப்பாவின் சூடு இல்லை.

கடைசியாக ஓர் எண். அதற்குப் பிறகு பூஜ்யம் அலமாரியைத் தொடவே இல்லை.

மெக்கானிக்கைப் போனில் பிடித்தான். புரோகிராமை நகலெடுக்க எங்களுக்கு ஒரு பழைய போர்டு கொடுத்தீர்களே, அது எந்தப் பெட்டியில் இருந்தது என்று கேட்டான். அவர் எதற்குக் கேட்கிறாய் என்றார்.

“உள்ள ஒரு எண் வருதுண்ணே. இறங்கிக்கிட்டே போய் நின்னுடுச்சு.”

என்ன எண் என்று இவன் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்.

“முப்பத்தொண்ணு புள்ளி நாலா?”

திரையைப் பார்த்தபடி ஆமாம் என்றான்.

“அந்தப் போர்டு இருந்த பெட்டியில ஒரு குழந்தை போச்சு தம்பி. அன்னைக்கும் பெட்டி நல்லாத்தான் காட்டுச்சு. யாரும் கைய விட்டுத் தொட்டுப் பாக்கல. கடைசியில வேற தெர்மாமீட்டர் வச்சப்போ... அவ்வளவுதான் இருந்துச்சு.”